பிஸ்கட் அண்ணன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், எடை குறைக்க வரும் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து சிரிப்பார்கள். கீழே கடையில் யாருக்காவது பார்வை சோதித்துக்கொண்டிருக்கும் கடைக்காரர், மேலே எழும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு "இப்பப் படிங்க, கடைசி வரி" என்பார். அந்தச் சிரிப்பு எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நீளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிரிப்பை வரவழைக்கும் கதை ஒன்றேதான்.

"நம்ம கிட்ட ஒரு அண்ணன் வந்துகிட்டிருந்தார்," என்று ஆரம்பிப்பாள் அவர் மனைவி. "கம்பெனி வேன் டிரைவர். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டா மறுநாள் மதியம் பன்னிரண்டு வரைக்கும் வயித்துக்கு லீவு குடுங்கண்ணேன்னு சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். பார்த்தா, வேன் டாஷ்போர்டுக்குள்ள பிஸ்கட் பாக்கெட்டு! ஏண்ணே இப்படின்னா, கை நடுங்குதுங்கிறார். நடுங்கறது கை இல்லண்ணே, நாக்குன்னேன்!"

உடனே சிரிப்பு கிளம்பிவிடும். பிறகு அவள் ஒழுக்கம், மன உறுதி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாக்குப்போக்குகள் என்று பேச்சை நகர்த்துவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அடுத்த வாரத்துக்குள் அந்த டிரைவரைப் 'பிஸ்கட் அண்ணன்' என்று சொல்லப் பழகிவிடுவார்கள். யாராவது ஒரு நாள் நடைப்பயிற்சிக்கு வராவிட்டால், "என்ன, பிஸ்கட் அண்ணனாயிட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

அவளை எல்லோரும் கோச் அக்கா என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து மூன்று. ஒன்பது வருடம் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு ஊதி, மாடிப்படி ஏற முடியாமல் முழங்கால் கழன்று விழுவதுபோல் வலித்தபோது, தானே படித்து, சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நடையாய் நடந்து, ஒன்றரை வருடத்தில் பத்தொன்பது கிலோ குறைத்தாள். எப்படி, எப்படி என்று தெருவில் நிறுத்திக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தொடங்கியதுதான் பிறகு தொழிலானது. ஆன்லைனில் மூன்று மாதப் படிப்பு ஒன்றை முடித்து ஒரு காகிதம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினாள். பித்தலாட்டக்காரி இல்லை. காலை ஐந்தே முக்காலுக்கு நாற்பது பேருக்கும் வரிசையாகச் செய்தி அனுப்புவாள். யார் நேற்று நடக்கவில்லை, யாருக்குத் தூக்கம் வரவில்லை என்பதை வீட்டு மனிதர்களைப்போல் ஞாபகம் வைத்திருப்பாள். பலருக்கு அவளால் நல்லது நடந்தது, அதுவும் உண்மை.

அந்த வட்டாரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஒருநாள் மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவர், மாடியைக் கையால் காட்டி அவள் கணவரிடம் சொன்னார். "உங்க வீட்டம்மாகிட்ட போற ரெண்டு மூணு பேரை நான் பார்க்கிறேன். நல்லா நடக்கிறாங்க, எடை குறையுது. என் நோயாளிகளையும் அனுப்பலாம்னு ஆசைதான். ஆனா அந்த மூணு மாசக் காகிதத்தை நம்பி அனுப்ப முடியாதே. ஒருங்கிணைந்த நலவாழ்வுன்னு பத்து மாசப் படிப்பு இருக்கு. மருந்து, சாப்பாடு, உடற்பயிற்சி, மனசு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லித் தருவாங்க. முடிச்சிட்டு வரட்டும், கிளினிக்ல ஒரு ரூமே ஒதுக்கித் தர்றேன்."

அறை, கதவு, கதவில் பெயர்ப்பலகை. ஒரு வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், பிசியோதெரபி மையம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நடந்தது. ஓரமாக எலும்புக்கூடு ஒன்று கம்பியில் தொங்கியது. இருபத்திரண்டு பேரில் மருந்துக்கடைக்காரர்கள், யோகா சொல்லித்தருபவர்கள், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் என்று பலதரப்பட்டவர்களும் இருந்தார்கள். நாற்பது பேரை வைத்து நடத்திக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான். முதல் நாள் அறிமுகத்தில் அதை அழுத்திச் சொல்லிக்கொண்டாள். பிஸ்கட் கதையையும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பாடம் எடுத்த டாக்டரம்மா மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்து, நேரமாகிவிட்டதென்று அடுத்தவரைப் பார்த்தார்.

நாலாவது ஞாயிறு, இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக் குறிப்பெழுதும் பயிற்சி. அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கோச் அக்காவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், மனதில் என்ன பாரம், சின்ன வயதில் எதைச் செய்தால் சந்தோஷமாக இருக்கும் என்று சரளமாகக் கேட்டு, இரண்டு பக்கம் எழுதிப் பேனாவை மூடினாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் சிஸ்டர்.

"முடிஞ்சுது சிஸ்டர்."

சிஸ்டர் கைப்பையைத் திறந்து, கிழமை எழுதிய கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "பிரஷருக்கு, சுகருக்கு, தைராய்டுக்கு, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை போடறேன். நான் சின்ன வயசுல பாவாடை தைச்சதையெல்லாம் எழுதிக்கிட்ட. இதை நீ கேக்கவே இல்லையேம்மா."

குற்றம்சாட்டும் குரலாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். சிஸ்டர் அக்கறையாகத்தான் சொன்னார். மறதியாக விட்டுவிட்டேன் என்று அவள் முணுமுணுத்தாள். மறதி இல்லை என்று அவளுக்கே தெரியும். ஏழு வருடத்தில் எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மாத்திரை டாக்டரின் சமாச்சாரம், நம்முடையது வாழ்க்கைமுறை என்று ஒதுக்கி வைத்திருந்தாள். சில நாள், "மாத்திரைக்கு அடிமையாகாதீங்க" என்று பேசிக் கைதட்டும் வாங்கியிருந்தாள்.

டாக்டரம்மா அன்று சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். "சில மாத்திரை சர்க்கரையைக் கீழே தள்ளிக்கிட்டே இருக்கும். வயித்துல சாப்பாடு இருந்தா ஒண்ணும் ஆகாது. காலி வயித்துல போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை சடார்னு இறங்கிடும். வேர்க்கும், படபடப்பு வரும், கை நடுங்கும், பசி பிடுங்கும். அப்படி ஒருத்தர் உங்க முன்னாடி நின்னா உபதேசம் பண்ணாதீங்க. முதல்ல ஏதாவது இனிப்பு வாயில போடச் சொல்லுங்க."

பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா 'கை நடுங்கும்' என்ற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு அன்று நடந்த பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து இழுத்துப் போட்டாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டில் டிரைவரின் பக்கம் கிடைத்தது. வயது ஐம்பத்தொன்று. தொப்பை அளவு, எடை, தூக்கம். கீழே அவள் கையெழுத்தில், சிவப்பு மையில்: 'காலை பத்து மணிக்குக் கை நடுங்குகிறது என்கிறார். சாக்கு. காரணம் தேடும் குணம். ஒழுக்கம் போதாது.'

அந்த நாள் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. அதே வேனில் போய்வந்த ஒரு பெண்தான் பிஸ்கட்டைக் காட்டிக் கொடுத்தாள். வட்டத்தின் நடுவே டிரைவர் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். "இப்படித்தான் மேடம், பத்து மணியாச்சுன்னா ஆடுது. ரெண்டு பிஸ்கட் போட்டா நின்னுடுது." அப்போதுதான் அவள் அந்த நாக்கு வசனத்தைச் சொன்னாள். எல்லோரும் சிரிக்க அவரும் சிரித்தார். அடுத்த வாரம், பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

"என்ன தேடறே?" என்று கணவர் கதவருகே நின்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க, படிப்புக்குப் பழைய நோட்டு வேணும்," என்றாள். பொய் எவ்வளவு லேசாக வாயில் வருகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவர் சும்மா நின்றுபோயிருப்பார், இப்போது நன்றாக இருப்பார், கிளறுவானேன் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். மற்றவர்களிடம் மட்டும் ஒவ்வொருவராக, ஏதோ படிவம் நிரப்புவதுபோல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதினாள். பதினேழு பேர் ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் அவளுடைய பேச்சைக் கேட்டுப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அவர்களை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் அவள் கதையைச் சொல்லவில்லை. புதிதாக வந்த ஒருவர், "அதென்னங்க பிஸ்கட் அண்ணன்?" என்று கேட்க, அவள் வாய் திறப்பதற்குள் வேறொரு பெண் எடுத்துச் சொல்லிவிட்டாள். அக்காவின் குரலிலேயே, அக்கா நிறுத்துகிற இடத்திலெல்லாம் நிறுத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கோச் அக்காவும் சிரித்தாள். வாய் தன்னால் விரிந்துகொண்டது. பிற்பாடு தன்னுடைய எல்லாத் தவறுகளையும் எண்ணிப் பார்க்கும்போது, இந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை. மற்றது அறியாமல் செய்தது. இது தெரிந்தே சிரித்தது.

கலைந்து போகும்போது, அந்த வேனில் போய்வந்த பெண்ணைத் தனியாக நிறுத்தி டிரைவரைப் பற்றிக் கேட்டாள்.

"அவர் இப்ப வண்டி ஓட்டறதில்லையேக்கா. உங்களுக்குத் தெரியாதா? வண்டி ஓட்டிக்கிட்டே மயங்கிட்டார். நாங்க பதிமூணு பேர் உள்ள இருந்தோம். நல்லவேளை, ஓரங்கட்டிக்கிட்டிருக்கறப்பதான் கண்ணு சொருகுச்சு, சுவர்ல மெதுவா முட்டி நின்னுடுச்சு. கம்பெனியில அன்னைக்கே சாவியை வாங்கிட்டாங்க. கடைகள் இருக்கிற அந்தப் பெரிய கட்டிடத்துல பார்க்கிங் சீட்டு குடுக்கறார்."

"எப்ப நடந்தது?"

"பிஸ்கட்டை விட்டாரே, அதுக்கு ஒரு வாரம் கழிச்சு இருக்கும்," என்றாள் அந்தப் பெண். சொன்னதை அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கூண்டு. உள்ளே சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் டிரைவர் பதறி எழுந்து நின்றார். இளைத்திருந்தார்.

"வாங்க மேடம். உங்களைப் பார்க்கவே எனக்கு மூஞ்சி இல்ல மேடம். சொல்லாம கொள்ளாம நின்னுட்டேன்."

அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. "அண்ணே, நீங்க சுகர் மாத்திரை போட்டுக்கிட்டிருந்தீங்களா? என்கிட்ட வந்தப்ப?"

"போட்டேன் மேடம். விடிகாலை அஞ்சு மணிக்கு, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி."

"சாப்பிடாமலா?"

"முன்னெல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் போடுவேன். அப்புறம் நீங்கதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று நிறுத்தியது அவளுக்குப் புரிந்தது. கார் ஒன்று வந்து நின்றது. சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டுத் திரும்பினார். "எனக்குத்தான் கட்டுப்பாடு பத்தல மேடம். எல்லாரும் அழகா செஞ்சாங்க. எனக்கு மட்டும் ஒத்துக்கல."

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. அந்த மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கவே கூடாது. நடுங்கினது நிஜமான நடுக்கம். பிஸ்கட் சாப்பிட்டீங்களே, அதுதான் சரி. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் கேக்காம விட்டேன். கேக்காததோட விடாம, கேலியும் பண்ணினேன்."

அடுத்தடுத்து மூன்று வண்டிகள் வந்தன. மூன்றுக்கும் சீட்டுக் கொடுத்தார். அவள் கூண்டின் ஓரத்தில், புகையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மேடம்," என்றார் கடைசியில். "இதை என் வீட்டுக்கு வந்து சொல்ல முடியுமா? ரெண்டு வருஷமா வீட்டுக்காரி என்னோட சரியாப் பேசறதில்ல. வாயைக் கட்டத் தெரியாம வேலையைத் தொலைச்ச மனுஷன்னு சொல்றா. நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

மறுநாள் மாலை போனாள். மூன்றாவது மாடியில், முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டிருந்த வீடு. டிரைவரின் மனைவி மெஷினை விட்டு எழவில்லை. துணியில் ஊசி குத்தியபடி நிற்க, முழுவதையும் கேட்டாள். டிரைவர் சுவரோரம், யாரோ அந்நிய வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார். கோச் அக்கா எதையும் பூசி மெழுகாமல் சொல்லி முடித்தாள்.

"அன்னைக்கு உங்க முன்னாடி கையை நீட்டிக் காட்டினாராமே," என்றாள் மனைவி. "நடுங்கிச்சா?"

"நடுங்கிச்சு."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"சிரிச்சேன்."

மனைவி தலையைக் குனிந்து துணியை நேர்ப்படுத்தினாள். ஆனால் தைக்கவில்லை. பிறகு, கோச் அக்காவைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தாள். "நானும்தான் சிரிச்சேன்," என்றாள். "கீழ்வீட்டுக்காரங்க பிஸ்கட் அண்ணன்னு கூப்பிட்டப்ப நானும் கூடச் சேர்ந்து..." முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"மன்னிப்பெல்லாம் எங்ககிட்ட கேக்காதீங்க," என்றாள். "அதை வெச்சு நாங்க என்ன பண்றது? அந்தப் பேரு இருக்கே, அதை எங்கெங்க விட்டீங்களோ அங்கங்க போய் எடுங்க."

அவள் எடுக்கத்தான் பார்த்தாள். முதலில் கம்பெனிக்குப் போய் வண்டிகளுக்குப் பொறுப்பானவரைப் பார்த்து நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "வருத்தமாத்தாம்மா இருக்கு. ஆனா ஸ்டீயரிங்ல மயங்கினவர் கையில மறுபடியும் பதிமூணு பேரை ஒப்படைக்க மாட்டாங்க. காரணம் எதுவானாலும்," என்றார். காகிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை, நாற்பது பேர் முன்னால் நின்று முழுவதையும் சொன்னாள். கதையை அவள் குரலில் சொல்லிக் காட்டிய பெண் அழுதாள். வயதான ஒருவர் மட்டும், "இதையெல்லாம் எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க? இருக்கிற நம்பிக்கையும் போயிடாதா?" என்று எரிச்சலாகக் கேட்டார். போனதென்னவோ உண்மைதான். அடுத்த மாதம் இருபத்தாறு பேர்தான் வந்தார்கள். கீழே கணவருக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே," என்றார். பிறகு, "நானும் வாராவாரம் கீழ உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்," என்று தானாகவே சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெயர் மட்டும் முழுதாகத் திரும்பி வரவில்லை. விலகிப்போன பதினான்கு பேரோடும் அவர்கள் வீடுகளோடும் அது எங்கோ போய்விட்டது. ஒருநாள் பேருந்தில், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டாள். எழுந்துபோய், "அது அப்படி இல்லம்மா," என்று ஆரம்பித்தாள். அவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்கள்.

படிப்பின் முடிவில் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் தன் தவறையே எழுதினாள். டாக்டரம்மா அதைத் திருப்பிக் கொடுத்தார். "நேர்மையா எழுதியிருக்கீங்க. ஆனா இது அவரோட உடம்பு, அவரோட கதை. சம்மதம்னு அவர்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?" வாங்கவில்லை. அதுவும் தோன்றவில்லை. மறுபடியும் பார்க்கிங் கூண்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "வேண்டாம் மேடம், போதும்," என்றார். அவள் அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொருவரைப் பற்றி, இம்முறை முதலிலேயே கேட்டு, புதிதாக எழுதினாள். அதனால் உடன் படித்தவர்களோடு தேர்ச்சி பெற முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, சிஸ்டர் பாடம் கேட்டுச் சொல்லிக்கொடுக்க, அடுத்த குழுவோடு முடித்தாள்.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. வாரத்தில் இரண்டு காலை நேரம் கிளினிக்கில் ஓர் அறை கிடைத்தது. பெயர்ப்பலகை வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். டிரைவரும் அங்கேதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ள வருகிறார் என்பது முன்பதிவுப் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது. முதல் தடவை அவர் வரும் நாளில் தலைவலி என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு மேல் அவர் கையில் சீட்டோடு அவள் அறை வாசலில் எட்டிப் பார்த்தார். அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றார்.

"லேப் எந்தப் பக்கம் மேடம்? மாத்திட்டாங்களாமே."

"வாங்கண்ணே, காட்டறேன்."

நடைபாதை முழுவதும், அவர் முன்னால் நடக்கட்டும் என்று அவளும், அவள் முன்னால் போகட்டும் என்று அவரும் தயங்கித் தயங்கி நடந்தார்கள். லேப் கதவை அவள் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்குக் காதுமடல் சுட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அறைக்குத் திரும்பினாள். அங்கே ஒரு அம்மா மருந்துச் சீட்டுகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.